தலைமாட்டில் நிற்கிறவள்

"ஒண்ணும் பேசலீங்க. நல்லா தூங்குனீங்க."

ஆம்பூரில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டவர்களில் பாதிப் பேராவது இதைப் பூரணி சிஸ்டரின் வாயால் கேட்டிருப்பார்கள். கேட்டதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வீட்டு ஆட்களுடன் கிளம்பிவிடுவார்கள். நிஜத்தில் அவர்களில் பலர் வாய் ஓயாமல் பேசியிருப்பார்கள். பூரணிக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று குடியாத்தத்தில் அவள் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பாவம், அவர்கள் அவளை ஸ்கோப் ரூமில் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்கு ஆளை அடியோடு தூங்கவைக்கிற டாக்டர் வேறு. பூரணி நர்ஸ், அவள் போடுவது அரை மயக்கம். டாக்டர் அளவு சொல்வார், அவள் கை நரம்பில் மெல்ல ஏற்றுவாள். ஆள் கண் சொருகிக் கிடப்பார், கூப்பிட்டால் முனகுவார், எழுந்த பிறகு நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. ஊசி போடுவது பெரிய வித்தை இல்லை. போட்ட பிறகு நிற்பதுதான் வேலை. நோயாளியின் தலைமாட்டில் நின்று, தாடை எலும்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்து லேசாகத் தூக்கிப் பிடித்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிட்டால் ஆள் சத்தமே போடாமல் போய்விடுவார்.

அதனால் அவள் இரண்டு சட்டம் வைத்திருந்தாள். நோயாளி தன் பேரைத் தானே தெளிவாகச் சொல்லும்வரை மருந்து போட்டவள் தலைமாட்டை விட்டு நகரக்கூடாது. வெளியே இடி விழுந்தாலும் சரி, வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. இங்கே வந்து சண்டை போட்டு நிலைநாட்டினாள். இன்னொரு சட்டம் அந்தப் பொய்.

குழாய் வாயில் இருக்கும்வரை யாராலும் பேச முடியாது. டாக்டர் ஷாஹித் குழாயை உருவிவிட்டு அடுத்த அறைக்கு ரிப்போர்ட் எழுதப் போவார். டெக்னீஷியன் ஆல்வின் குழாயைக் கழுவ எடுத்துப்போவான். அப்புறம்தான் கச்சேரி. தோல் மண்டிக்காரர் ஒருவர், ஆட்டுத்தோலை இந்த விலைக்குத் தரவே முடியாது என்று பூரணியிடம் அடம்பிடித்தார். பில்கிஸ் என்ற பள்ளிக்கூட டீச்சர் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்து, தப்பு வந்த இடத்தில் தேம்பித் தேம்பி அழுதார். லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர் தன் தம்பியைக் காது கூசும்படி திட்டினார்; அந்தத் தம்பி வெளியே வராந்தாவில் அண்ணனுக்கு இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் கேட்கிற ஒரே காது பூரணியுடையது. முழித்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நான் ஏதாவது உளறினேனா? அதற்குப் பதிலும் ஒன்றுதான். சொல்லி முடித்ததும் கேட்டதை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

அந்தோணி வரும்வரை அவளால் அப்படி விட்டுவிட்டு வர முடிந்தது.

அந்தோணி தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலை ஊறப்போடுகிற பக்கம் வேலை செய்கிறவர். நகமெல்லாம் பழுப்பேறியிருக்கும், யாரிடம் பேசினாலும் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். வயிற்றில் எரிச்சல் என்று வந்திருந்தார். குழாயை எடுத்த பிறகு கண் சொருகிக் கிடந்தார். திடீரென்று பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அற்புதம், கதவத் தொறக்காத. பெத்தவ வந்து நிக்கிறா. வாணியம்பாடிலேர்ந்து வந்துட்டா. பாப்பாவ உள்ள தூக்கினு போ. நிஷா நம்ம பொண்ணு. நம்ம பொண்ணுதான்னு சொல்லு."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. யாரோ பெற்ற குழந்தையை இவர்கள் வளர்த்திருக்கிறார்கள். இந்த மனிதர் இத்தனை வருஷமாகக் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்துகொண்டே வாழ்ந்திருக்கிறார். பூரணிக்கு அவ்வளவுதான் புரிந்தது. அவ்வளவு போதாதா என்ன.

முழித்ததும் அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவளும் அந்தப் பதிலைச் சொன்னாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த மனைவி அற்புதத்திடம், இவ்வளவு தன்மையான சிஸ்டரைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, கையோடு பூரணியிடம் ஒரு உதவியும் கேட்டார். மகள் நிஷா நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். முடித்ததும் உங்கள் பக்கத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்ள டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன காரணம் சொல்வது? டாக்டரிடம் சொன்னாள். நிஷா வந்து சேர்ந்தாள்.

நிஷா கெட்டிக்காரி, வாயாடி. மருந்து ஏற்றவும் தாடை பிடிக்கவும் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அக்கா, அக்கா என்று பூரணியின் காலைச் சுற்றி வந்தாள். அவள் பேச்சில் பாதி அப்பா. அப்பா வாங்கிவந்த பன், அப்பா பக்கத்து வீட்டுக்காரனோடு போட்ட சண்டை, அப்பா ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது. தினமும் சாயந்திரம் அந்தோணி பழைய டிவிஎஸ்ஸில் வந்து கேட்டருகே காத்திருப்பார். பார்க்கிறவர்களெல்லாம், அப்பன் மூக்கை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் பார் என்பார்கள். நிஷா மூக்கைத் தொட்டுப் பெருமையாகச் சிரிப்பாள். அந்த நேரத்தில் பூரணிக்கு எங்காவது சிரிஞ்சு அடுக்குகிற வேலை வந்துவிடும்.

ஒரு தடவை டாக்டர் ஷாஹித், இந்த வயிற்றுக் கோளாறெல்லாம் சில குடும்பத்தில் ரத்தத்தோடு வருவது, அப்பாவுக்கு இருப்பதால் நீயும் ஜாக்கிரதையாக இரு என்று நிஷாவிடம் சொன்னார். அவள் பயந்துபோய்ப் பூரணியிடம் கேட்டாள், எனக்கும் வருமாக்கா என்று. உனக்கு வராது என்று நாக்கு நுனிவரை வந்தது. காரத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்லி முடித்தாள்.

அதைவிடப் பெரிய கூத்து வாணியம்பாடி முகாம். அந்தோணி மயக்கத்தில் சொன்ன அதே ஊரில் ஆஸ்பத்திரி சார்பில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். நிஷாவை அனுப்புவதாக ஏற்பாடு. முகாமுக்கு முந்தின நாள் அந்தோணி வியர்த்து வழிய வந்து பூரணியைத் தனியாகக் கூப்பிட்டார். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, வேறு யாரையாவது அனுப்புங்கள் சிஸ்டர் என்றார். பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனிதர். பூரணி ஒன்றும் கேட்காமல் தானே கிளம்பிப் போனாள். நிஷா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், தன்னை நம்பவில்லை என்று. கிறிஸ்துமஸுக்கு அந்தோணி கேக் கொண்டுவந்தபோது, என் பொண்ணை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டேன் சிஸ்டர் என்று கும்பிட்டார். அந்தக் கேக்கைத் தின்று முடிப்பதற்குள் பூரணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. யாருடைய குடும்ப விஷயத்தையோ மடியில் கட்டிக்கொண்டு அலைகிறாள், இறக்கி வைக்க இடமில்லை. புருஷன் பரந்தாமனிடம் சொல்லலாமென்றால், அவன் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவன். அவனிடம் சொல்கிற ரகசியம் தெருக்கோடிவரை கேட்கும். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். அந்தத் தலைமாட்டில் வேறு யார் நிற்பார்கள் என்ற நினைப்பு வந்து அதையும் கெடுத்தது.

அந்தப் பொய்யை நிஷாவுக்குக் கற்றுக்கொடுத்ததும் பூரணிதான்.

"நெஜமாவே பேசியிருந்தாலும் அப்டியே சொல்லணுமாக்கா?"

"பேசியிருந்தாத்தான் கட்டாயம் சொல்லணும். அதே மூஞ்சி, அதே கொரல். ஒரு இழை ஜாஸ்தி கம்மி இருக்கக் கூடாது. இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்க."

நிஷா கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. சில நாளில் வராமல் போனது.

பூரணிக்கு முதுகுவலி. நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற உடம்பு வேறு எப்படி இருக்கும்? வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதீர்கள், வயிறு புண்ணாகிவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற அதே பூரணி, ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில் பேர் சொல்லி வாங்கி, வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். நர்சுகளுக்கே உரிய முட்டாள்தனம் இது. அடுத்தவர்களுக்குச் சொல்கிற எதுவும் தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு காலையில் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அதன் அர்த்தம் தெரிந்தும் குடியாத்தத்தில் ரயிலேறி வேலைக்கு வந்தாள். முதல் நோயாளிக்கு மருந்தை எடுக்கும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஷாஹித் நாடியைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், டிரிப்ஸ் போடச் சொன்னார். உள்ளே ரத்தம் கசிகிறது, கொஞ்சம் தேறியதும் இன்றைக்கே ஸ்கோப் போட்டுவிட வேண்டும் என்றார். பூரணி வேலூருக்குப் போகிறேன் என்றாள். போகிற வழியில் ஹைவேயில் ரத்த வாந்தி எடுத்தால் யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். அரை மயக்கம் கொடுக்கத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டே பேர். ஒருத்தி படுத்திருக்கிறாள். இன்னொருத்தி ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பூரணிக்கு வயிற்றைப் பற்றிப் பயமில்லை. தன் வாயை நினைத்துத்தான் பயம். வாய் திறக்காதவர்கள் என்று பேரெடுத்தவர்கள்தான் இந்த மருந்தில் அதிகம் கொட்டுவார்கள். அதை அவள் எத்தனையோ பேரிடம் பார்த்தாயிற்று. அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருப்பது நிஷாவின் விஷயம். தலைமாட்டில் நிற்கப்போவதும் நிஷா. டாக்டர் போய்விடுவார், ஆல்வின் போய்விடுவான், அறையில் இவர்கள் இருவர் மட்டும். அவளை வெளியே அனுப்பவும் முடியாது, நகரக்கூடாது என்று சட்டம் போட்டவளே இவள்தான். அந்தோணியின் வாயிலிருந்து விழுந்ததை இவள் வாய் அவர் மகளிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், அந்த மனிதரின் இருபது வருஷம் என்னாவது?

"மருந்து வேணாம் டாக்டர். தொண்டைக்கு ஸ்ப்ரே மட்டும் அடிங்க. தாங்கிக்கிறேன்."

டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். வீரம் காட்டுகிற நோயாளிகளைத் திட்டுவதே நீங்கள்தானே சிஸ்டர் என்றார். அவள் பிடிவாதமாக இருந்தாள். சரி, பார்க்கலாம் என்றார் அரை மனதாக.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். இத்தனை வருஷம் நின்ற அறை படுத்துப் பார்க்கையில் வேறு யாருடையதோ போல் இருந்தது. தொண்டையில் கசப்பு மருந்தை அடித்தார்கள். பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்துக் கவ்வச் சொன்னார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்வரை தாங்கிக்கொண்டாள். வயிற்றுக்குள் போனதும் டாக்டரின் குரல் மாறியது. புண் இருந்தது, அதில் ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. கிளிப் போட்டு அடைக்க வேண்டும், அதற்கு அவள் அசையாமல் கிடக்க வேண்டும். உடம்பு அவள் சொல் கேட்கவில்லை. குமட்டிக் குமட்டித் துள்ளியது. கை தானாகக் குழாயைப் பிடுங்கப் போனது; ஆல்வின் எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இப்டி ஆடினா கிளிப் எடம் தப்பிடும். நிஷா, மருந்து போடும்மா."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. நிஷாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். போ, போ என்று கண்ணால் கெஞ்சினாள். வேறு யாராவது நிற்கட்டும், பெருக்குகிற அம்மா வந்து நிற்கட்டும், நீ மட்டும் வேண்டாம். நிஷா அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா பயப்படுகிறாள் என்பதுதான்.

"பயப்படாதீங்கக்கா. நான் இங்கதான் நிப்பேன். நீங்க பேரச் சொல்ற வரைக்கும் எங்கயும் போமாட்டேன்."

தாடைக்குக் கீழே இரண்டு விரல் வந்து நின்றது, பூரணி சொல்லிக்கொடுத்த அதே இடத்தில். கை நரம்பில் மருந்து குளிர்ச்சியாக ஏறியது. அவள் வளையத்தைக் கடித்துக்கொண்டு வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். ரயில். மாமியார் மடித்து வைக்கிற லுங்கிக் கட்டு. பரந்தாமனின் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"உங்க பேரு இன்னா?"

நிஷாவின் குரல்தான். வாயில் வளையம் இல்லை. தொண்டை எரிந்தது, நாக்கு தடித்துப்போயிருந்தது. பூரணி என்றாள். நிஷா மறுபடியும் கேட்டாள், இவள் மறுபடியும் சொன்னாள். அதன் பிறகுதான் இரண்டு விரலும் தாடையை விட்டு நீங்கின. அறையில் வேறு யாருமில்லை. பக்கத்தில் ஆல்வின் குழாய் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கிடைக்கப்போகிற பதிலுக்கு என்ன மதிப்பு என்பது பூரணியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இருந்தும் கேட்டாள்.

"நான் ஏதாச்சும் பேசினேனா?"

"ஒண்ணும் பேசலக்கா. நல்லா தூங்குனீங்க."

அதே முகம். அதே குரல். பூரணி அந்த முகத்தில் ஒரு சுருக்கத்தையாவது தேடினாள். கிடைக்கவில்லை. நிஜமாகவா என்று அழுத்திக் கேட்கலாம். எதைப் பற்றி அக்கா என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? கேட்டாலே சொன்னதாகிவிடும். இவ்வளவு கச்சிதமாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தொண்டை வலிக்கிறதா என்று நிஷா கேட்டாள். ஆமாம் என்றாள்.

மத்தியானம் பரந்தாமன் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். கிளிப் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று தெரிந்ததும் அவனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. வீட்டில் இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது, மயக்கத்திலாவது என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னாளா என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி நிஷாவை விசாரித்தான். அவள் சிரித்துக்கொண்டே அதே பதிலைச் சொன்னாள். எப்போதும் இப்படிச் சிரித்தால் பூரணியைப் பார்த்துத்தான் சிரிப்பாள். இன்றைக்குப் பார்க்காமல் போனாள்.

வார்டில் பூரணியின் கட்டில் ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். சாயந்திரம் வழக்கம்போல அந்தோணி டிவிஎஸ்ஸில் வந்து நின்றார். வழக்கம்போல ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. நிஷா வழக்கமாகத் திட்டிக்கொண்டே வந்து பின்னால் தாவி ஏறிக்கொள்வாள். இன்றைக்கு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். பட்டையைப் போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. அவர் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதோ கேலி பேசினார் போலிருக்கிறது, தோள் குலுங்கியது. அப்புறம் அவள் ஏறி உட்கார்ந்து அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். வண்டி பைபாஸ் பக்கம் திரும்பும்வரை பூரணி பார்த்துக்கொண்டிருந்தாள். பரந்தாமன் கஞ்சி ஆறுகிறது என்றான்.

மறுநாள் காலை முதல் ஆளாக நிஷாதான் வந்தாள். டிரிப்ஸைப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. பரந்தாமன் டீ வாங்கப் போயிருந்தான். பூரணிக்குக் கேட்க முடிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அப்பா எப்டி இருக்காரு?"

நிஷா டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காருக்கா. ராத்திரி நல்லா தூங்குனாரு." சொட்டு வேகத்தைத் திருகிச் சரிசெய்தாள். "நான் அவருகிட்ட ஒண்ணும் பேசல."

அதே முகத்தோடு, அதே குரலில் சொல்லத்தான் பார்த்தாள். கடைசி வார்த்தையில் குரல் ஒரு இழை இறங்கிவிட்டது. பூரணி கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நேற்றுப் பிடித்த அதே இடத்தில். நேற்று அவளைப் போகச் சொல்வதற்காகப் பிடித்திருந்தாள்.